மோட்டாரக்கா சும்மா இருந்த வாரம்

மோட்டாரக்காவுக்கு மோட்டாரைப் பற்றி ஒன்றும் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஏதோ பெரிய மெக்கானிக்கின் கதையைச் சொல்லப்போகிறேன் என்று நினைத்துக்கொள்வீர்கள். ஸ்விட்சைப் போடுவார், மேல்தொட்டி நிரம்பியதும் அணைப்பார். அவ்வளவுதான். அதைப் பல வருஷமாகக் காலையும் மாலையும் தவறாமல் செய்துவந்ததில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "மூச்சை இழுங்க, அப்படியே பிடிங்க, விடுங்க" என்று ஊராருக்கெல்லாம் சொல்லிச் சொல்லி, சாதாரணமாகப் பேசும்போதும் அந்த அதட்டல் வந்துவிடும். அவர் நில் என்றால் தெருநாய்கூட நிற்கும்.

எங்கள் கட்டடம் நாலு மாடி. கீழ்த்தளத்தில் என் வீடு, அடுத்த வீடு அக்காவுடையது. நான் தையல்காரி. என் மெஷின் ஜன்னலை ஒட்டிக் கிடக்கிறது. ஜன்னலுக்கு நேர் எதிரே மோட்டார் அறை, அதற்குப் பக்கத்தில் உரக்குழி, அந்தப் பக்கம் மாடிப்படி. ஆகவே இந்தக் கட்டடத்தில் எது நடந்தாலும் என் கண்ணில் படும். நான் வேவு பார்க்கிறேன் என்று மூன்றாவது மாடி டியூஷன் டீச்சர் சொல்வதாகக் கேள்வி. ஜன்னலுக்கு வெளியே நடப்பதைப் பார்க்காமலிருக்க, நான் என்ன கண்ணைக் கட்டிக்கொண்டா தைப்பது?

மோட்டார் மட்டும் அக்காவின் வேலை அல்ல. காய்கறித் தோலையும் காய்ந்த இலையையும் உரக்குழியில் கொட்டி, அளவாகத் தண்ணீர் தெளித்துக் கிளறிவிடுவது அவர். மாடிப்படி பல்பு ஃபியூஸானால் மாற்றுவது அவர். மொட்டை மாடிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது அவர். யாராவது மக்கும் குப்பையில் பிளாஸ்டிக்கைப் போட்டுவிட்டால், அதைக் கழுவி, துடைத்து, போட்டவர் வீட்டுக் கதவைத் தட்டி, "இது உங்களோடது, மறந்துட்டீங்க" என்று கையில் கொடுத்துவிட்டு வருவார். வாங்கியவர் பிறகு ஒரு மாதத்துக்கு ஒழுங்காக இருப்பார்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய வேலை ஒன்று இருந்தது. அது ஒரு வேலை என்றே எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை. முதல் மாடியில் ஸ்கூல் வேன் ஓட்டும் டிரைவர் இருக்கிறார். அவர் செருப்பு அலமாரியைப் படிக்கட்டுத் திருப்பத்தில் வைத்திருந்தார். இரண்டாவது மாடி பேங்க்காரருக்கு அது காலில் இடித்தது. பேங்க்காரர் டிரைவரிடம் போய்ச் சொல்ல வேண்டியதுதானே? மாட்டார். அக்காவிடம் வருவார். அக்கா டிரைவரிடம் போவார். டிரைவர் ஒரு பதில் சொல்வார். அக்கா அதிலிருக்கும் முள்ளையெல்லாம் எடுத்துவிட்டு, மிச்சத்தை இரண்டாவது மாடிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பார். இப்படித்தான் நாங்கள் சண்டை சச்சரவில்லாமல் வாழ்ந்துகொண்டிருந்தோம். ரொம்ப ஒற்றுமையான கட்டடம் என்று எங்களுக்குள் ஒரு கர்வம் வேறு.

அக்காவுக்கு ஒரே மகள். வேறு ஊரில், பஸ்ஸில் போனால் பகல் முழுதும் ஆகும் தூரத்தில் இருக்கிறாள். அவளுடைய முதல் பிரசவத்துக்கு அக்கா பையெல்லாம் கட்டி வைத்திருந்தார். கிளம்ப வேண்டிய அன்று மேல்தொட்டியில் விரிசல் விட்டது. சிமெண்ட் பூசுகிறவர் வரும்வரை இருந்துவிட்டுப் போகலாம் என்று தங்கினார். பூசியது காயவேண்டும் என்று இன்னும் கொஞ்சம் தங்கினார். அவர் போய்ச் சேர்ந்தபோது பேத்தி தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். மகள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "வாம்மா, சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டாளாம். திட்டியிருந்தால் தேவலை என்று அக்கா என்னிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார்.

இப்போது அவளுக்கு இரண்டாவது பிரசவம். மகளே போன் செய்தாள். அக்கா ஸ்பீக்கரில் போட்டுவிட்டு என் வீட்டில்தான் உட்கார்ந்திருந்தார், அதனால் என் காதிலும் விழுந்தது.

"இந்தத் தடவையும் வர முடியாதுன்னா முன்னாடியே சொல்லிடும்மா. நான் பாட்டுக்கு வாசலையே பாத்துட்டுப் படுத்திருக்க வேண்டாம்ல."

அவள் குரலில் கோபமே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. அக்கா போனை வைத்துவிட்டு, "கண்டிப்பா போறேன்டி, இடியே விழுந்தாலும் போறேன்" என்று என்னிடம் சொன்னார். சொன்ன கையோடு, "ஆனா மோட்டாரை யார்கிட்ட விடறது?" என்று கேட்டார். எனக்கு எரிச்சல் வந்தது. ஒரு ஸ்விட்சுக்கா இவ்வளவு யோசனை?

அந்த நேரத்தில்தான் நகராட்சியில் ஒரு வகுப்பு தொடங்கினார்கள். அதன் பெயரைப் படித்து முடிப்பதற்குள் பஸ் போய்விடும். நீடித்து நிலைக்கும் குடியிருப்புச் சமூகங்களை உருவாக்கிப் பராமரிப்பதற்கான திறன் வளர்ப்புப் பயிற்சி. ஒவ்வொரு கட்டடத்திலிருந்தும் இரண்டு பேர் வரவேண்டும் என்றார்கள். அக்கா துணைக்கு என்னை இழுத்துக்கொண்டு போனார். உரக்குழி நாற்றத்துக்கு வழி சொல்வார்கள், குழாய் ஒழுகினால் என்ன செய்வது என்று காட்டுவார்கள், போகும்போது ஒரு ஸ்பேனர்கூடக் கொடுத்து அனுப்புவார்கள் என்பது அக்காவின் எதிர்பார்ப்பு.

அங்கே ஸ்பேனரும் இல்லை, குழாயும் இல்லை. நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். பயிற்சி கொடுக்க வந்தது ஒரு சின்னப் பெண். படபடப்பில் அடிக்கடி மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள். ஆளுக்கொரு தாள் கொடுத்து, "உங்க கட்டடத்துல இருக்கற ஒவ்வொரு வீட்டையும் ஒரு வட்டமா போடுங்க. யார் யார்கிட்ட பேசுவாங்களோ அவங்களுக்கு நடுவுல ஒரு கோடு போடுங்க" என்றாள். எங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களுடைய தாள், குழந்தை நூற்கண்டைப் பிரித்துப் போட்டமாதிரி இருந்தது. அக்கா அழகாகப் போட்டார். நடுவில் அவர் வீடு, சுற்றிலும் மற்ற வீடுகள், ஒவ்வொன்றிலிருந்தும் நேராக ஒரு கோடு அவருக்கு வந்தது. எல்லாரும் பார்க்கும்படி தாளைத் தூக்கிக் காட்டினார்.

அந்தப் பெண் அதை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு, "நீங்க ஒரு வாரம் இல்லைன்னா அங்க எதெல்லாம் நடக்காது?" என்று கேட்டாள்.

"எதுவுமே நடக்காது" என்றார் அக்கா, பெருமை முகத்தில் வழிய.

அந்தப் பெண் சரி என்றாள். கைதட்டவில்லை. வீட்டுப்பாடம் என்று எல்லாருக்கும் ஒவ்வொன்று கொடுத்தாள். சிலருக்கு உரக்குழி தோண்டச் சொன்னாள், சிலருக்கு மழைநீர்க் குழாய். அக்காவிடம் வந்தபோது, ஒரு வாரம் எதையும் செய்யாமல் சும்மா இருங்கள், மற்றவர்கள் செய்யட்டும், நீங்கள் பார்த்துக்கொண்டு மட்டும் இருங்கள் என்றாள்.

வகுப்பு முடிந்து பஸ்ஸில் வரும்போது அக்கா என்னைக் குடைந்து எடுத்துவிட்டார். தனக்குக் கிடைத்தது பரிசா தண்டனையா? நன்றாகச் செய்கிறாய், ஓய்வெடு என்று சொன்னாளா? செய்தது போதும், நகர்ந்து நில் என்று சொன்னாளா? சும்மா இருப்பதற்கு ஒரு படிப்பா? எனக்கும் புரியவில்லை. வகுப்பிலிருந்து கிளம்பும் முன்பே அந்தப் பெண்ணிடம் கேட்டுப் பார்த்திருந்தோம். அவள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, தானும் இந்தப் பாடத்தை முதல் தடவையாகத்தான் எடுப்பதாகவும், என்ன ஆகும் என்று பார்த்தால்தான் தெரியும் என்றும் சொன்னாள். அவள் நேர்மை எனக்குப் பிடித்தது. ஆனால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஆனாலும் அக்கா விடவில்லை. ஊருக்குப் போக அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. அதற்கு முந்தின வாரமே சும்மா இருந்து பார்த்துவிட்டால், தான் இல்லாதபோது கட்டடம் எப்படி ஓடும் என்று தெரிந்துவிடும், நிம்மதியாகக் கிளம்பலாம் என்று கணக்குப் போட்டார். கணக்கு சரிதான். அதைச் சொன்ன விதத்தில்தான் வந்தது வினை.

அக்கா எதையும் வீடு வீடாகப் போய்த்தான் சொல்வார். எல்லாரையும் ஒரே இடத்தில் கூட்டி எங்கள் கட்டடத்தில் யாரும் எதையும் சொன்னதில்லை. அதனால் இதையும் அப்படியே செய்தார். ஒவ்வொரு கதவாகத் தட்டி, குரலைத் தாழ்த்தி, "ஒரு வாரம் நான் எதுலயும் கை வைக்கப்போறதில்ல. நீங்க கொஞ்சம் பாத்துக்குங்க" என்றார். என்னிடமும் சொன்னார். நான் வீட்டில் இல்லாத நேரத்தில் என் வீட்டுக்காரரிடமும் தனியாகச் சொல்லியிருக்கிறார், அது எனக்கு அப்போது தெரியாது.

யோசித்துப் பாருங்கள். இத்தனை வருஷம் எதையும் விட்டுக்கொடுக்காத மனுஷி, வாசலில் வந்து நின்று, நீங்க பாத்துக்குங்க என்கிறார். கேட்டவருக்கு எப்படி இருக்கும்? கட்டடத்திலேயே என்னைத்தான் நம்பியிருக்கிறார் என்று தோன்றும். எனக்குத் தோன்றியது. மற்றவர்கள் மனம் புண்படக்கூடாதே என்று வெளியே மூச்சுவிடவில்லை. எல்லாருமே மூச்சுவிடவில்லை.

திங்கட்கிழமை காலை அக்கா தன் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கைகளை மடியில் வைத்துக்கொள்ளத் தெரியாமல், ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு இருந்தார். நான் எழுந்து மோட்டாரைப் போடப் போனேன். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. அக்காதான் பழக்கதோஷத்தில் போட்டுவிட்டார் என்று நினைத்தேன். திரும்பி வந்து உட்கார்ந்தால், சத்தம் நின்றுவிட்டது. கொஞ்ச நேரத்தில் மறுபடி ஓடியது. ஜன்னல் வழியாகப் பார்த்தால், டியூஷன் டீச்சர் மோட்டார் அறையிலிருந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, திருடிபோல மாடியேறினார்.

அதற்குப் பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை. யாரோ போட்டதை யாரோ அணைத்தார்கள். அணைத்தது தப்போ என்று வேறு யாரோ போட்டார்கள். படிக்கட்டு ஒரே நாளில் பலமுறை துடைக்கப்பட்டு, எப்போதும் ஈரமாகவே இருந்தது. பேங்க்காரர் வழுக்கி உட்கார்ந்துவிட்டு, யாரும் பார்க்கவில்லையே என்று சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு எழுந்து போனார். நான் பார்த்தேன். பிரித்த குப்பையை யாரோ மறுபடி பிரித்துக் கலந்து வைத்தார்கள். நான் தினமும் மாலையில் உரக்குழிக்கு ஒரு குவளை தண்ணீர் தெளித்தேன். என்னைப்போலவே வீட்டுக்கொருவர் தெளித்திருக்கிறார்கள். அது உரக்குழியாக இல்லை, குட்டையாகிவிட்டது. நாற்றம் என் மெஷின்வரை வந்தது. அழுகுவதற்குத் தண்ணீர் போதவில்லை போலிருக்கிறது என்று நான் இன்னொரு குவளை ஊற்றினேன். என் அறிவு அவ்வளவுதான்.

அக்கா நாற்காலியை விட்டு எழவில்லை. எழாமல் இருக்க அவர் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். "எல்லாரும் ஓடி ஓடிச் செய்யறாங்க, ஆனா ஒண்ணும் நடக்கலையே. ஏன்டி?" என்று கேட்பார். எனக்குத் தெரிந்தால் சொல்லமாட்டேனா? என் வீட்டுக்காரரைக் கேட்டேன். வீட்டில் ஒரு டம்ளரைக்கூட எடுத்து வைக்காத மனுஷன், தனக்கு ஒன்றும் தெரியாது என்று பேப்பரில் முகத்தை மறைத்துக்கொண்டார். மொட்டை மாடிச் செடிகளுக்குத் தினமும் வாளியில் தண்ணீர் தூக்கியவர் அவர்தான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை மோட்டார் எரிந்தது. மேல்தொட்டி நிரம்பி வழிய வழிய யாரும் அணைக்கவில்லை. ஒவ்வொருவரும் இன்னொருவர் அணைத்துவிட்டார் என்றோ, மறுபடி போட்டிருக்கிறார் என்றோ நினைத்திருக்கிறார்கள். கீழ்த்தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் போன பிறகும் அது வெறுமனே சுற்றிக்கொண்டே இருந்து, உள்ளே கம்பி சுற்றிய காயில் கருகி, புகை வந்து நின்றது. மெக்கானிக் வந்து கழற்றி எடுத்துக்கொண்டு போனார். காயில் கட்டி வர ஒரு வாரம் ஆகும் என்றார்.

சனிக்கிழமை காலை குழாயில் தண்ணீர் இல்லை. எல்லாரும் வாளியோடு முற்றத்துக்கு வந்துவிட்டார்கள். நான் இத்தனை வருஷத்தில் எங்கள் கட்டடத்து ஆட்கள் அத்தனை பேரையும் ஒரே இடத்தில் பார்த்தது அன்றுதான். அக்கா நடுவில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கையில் போன். டிக்கெட்டை எப்படி மாற்றுவது என்று என்னைக் கேட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எதுக்குக்கா மாத்தணும்?"

"மோட்டார் வந்து மாட்டினதும் கிளம்பிடறேன். ஒரு வாரம்தானே."

"ஒரு வாரத்துல குழந்தை பொறந்துடும்."

 அக்கா போன் திரையைத் தடவிக்கொண்டே இருந்தார். அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, பிடித்து உலுக்கவேண்டும்போலவும் இருந்தது.

அப்போது பேங்க்காரர் அக்காவிடம் வந்து குனிந்தார். டிரைவர் விடியற்காலையிலேயே மோட்டாரைப் போட்டுவிட்டு வேனை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார், அதுதான் காரணம், அவரிடம் கொஞ்சம் சொல்லிவையுங்கள் என்றார். டிரைவர் அதே இடத்தில், கை நீட்டினால் தொடும் தூரத்தில், வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். எல்லாம் காதில் விழுகிறது. விழாதமாதிரி வானத்தைப் பார்க்கிறார். பிறகு அவரும் அக்காவின் மறு பக்கம் வந்து குனிந்து, ஸ்விட்சில் கை வைத்தவர்கள் யார் யாரென்று மேல்மாடியில் விசாரியுங்கள் என்றார். இந்தக் காதில் ஒருவர், அந்தக் காதில் ஒருவர். அக்கா வழக்கம்போல எழுந்து சமாதானம் பேசத்தான் போகிறார் என்று நினைத்தேன்.

அக்கா போனை மடியில் வைத்தார். அவருக்குத் தலை சுற்றியிருக்க வேண்டும், கண்ணை மூடிக்கொண்டார்.

"எனக்கு ஒண்ணும் புரியலப்பா. அவரு உங்க பக்கத்துலதான் நிக்கறாரு. நீங்களே அவர்கிட்ட சொல்லிடுங்க."

 பேங்க்காரர் டிரைவர் பக்கம் திரும்பினார். வாயைத் திறந்தார், மூடினார். மறுபடி திறந்தார். என்ன ஆயிற்று இவருக்கு என்று பார்த்தேன். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. டிரைவரை என்னவென்று கூப்பிடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. முகத்துக்கு நேராக டிரைவர் என்று சொல்ல முடியுமா? சார் என்றால் பேங்க் கவுண்ட்டர்மாதிரி இருக்கும். தம்பியா, அண்ணனா? இத்தனை வருஷம் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கிய இரண்டு பேருக்கு நடுவில், கூப்பிட ஒரு முறை இல்லை. அக்காவுக்கு நாங்கள் எல்லாரும் தம்பி, தங்கை. எங்களுக்குள் நாங்கள் மேல் வீட்டுக்காரர், கீழ் வீட்டுக்காரர், அவ்வளவுதான். நான் டியூஷன் டீச்சரை என்னவென்று கூப்பிடுவேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. இப்போதும் அதை நினைத்தால் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

"அண்ணே" என்றார் பேங்க்காரர் கடைசியில்.

டிரைவர் முகம் கோணியது. "நான் உங்களுக்கு அண்ணனா? உங்களுக்குத்தான் தலை முழுக்க நரைச்சிருக்கு."

"அது பரம்பரை நரை."

அதற்கப்புறம் மோட்டாரை விட்டுவிட்டு, யார் மூத்தவர் என்பதில் இறங்கிவிட்டார்கள். எந்த வருஷம் பள்ளிக்கூடம் முடித்தாய், எப்போது கல்யாணம் ஆனது என்று விசாரணை நடந்தது. டியூஷன் டீச்சர் நடுவில் புகுந்து, பேங்க்காரர்தான் சின்னவர், கொஞ்ச மாதம்தான் வித்தியாசம் என்று தீர்ப்புச் சொன்னார். டிரைவருக்கு அண்ணன் பதவி கிடைத்தது. பெற்ற பதவியை உடனே பயன்படுத்தி, "சரி தம்பி, சொல்லுப்பா, நான் மோட்டாரைப் போட்டா உனக்கு என்ன?" என்றார்.

"அக்கா என்னைத்தானே பாத்துக்கச் சொன்னாங்க?"

"உன்னையா? என்னைச் சொன்னாங்க."

டியூஷன் டீச்சர், தன்னைத்தான் அக்கா சொன்னார் என்றார். நான் என்னை என்றேன். எனக்குப் பின்னாலிருந்து என் வீட்டுக்காரர், "என்கிட்டயும் சொன்னாங்க" என்றார். நான் அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அவர் ஒரு அடி பின்னால் போனார்.

அதற்குப் பிறகு சிரித்து மகிழ்ந்து கைகோத்துக்கொண்டோம் என்று எழுத எனக்கும் ஆசைதான். நடந்தது அப்படி இல்லை. பெரிய சண்டை. படிக்கட்டில் செருப்பு அலமாரி, மேல் மாடியில் நாற்காலி இழுக்கும் சத்தம், என் மெஷின் சத்தம் என்று, இத்தனை வருஷம் அக்கா முள் எடுத்துக் கொடுத்ததெல்லாம் முள்ளோடு வெளியே வந்தது. தண்ணீர் லாரிக்கு யார் சொல்வது என்பதற்கே முற்றம் இரண்டாகப் பிரிந்தது. அக்கா எழுந்து, அந்த ஆஸ்பத்திரிக் குரலில், "நிறுத்துங்க" என்றார். ஒருவரும் நிறுத்தவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் இன்னொரு தடவை சொல்ல வாயெடுத்து, சொல்லாமல், கூட்டத்தை விட்டு என் ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

"நான் கெடுத்துட்டேன்டி. நல்லா இருந்த இடம். இப்படிப் போட்டுட்டு எப்படிப் போறது?"

போங்கள், எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல எனக்கு வரவில்லை. சரியாகும் என்று எனக்கே தெரியாது. என் தலைக்குள்ளேயும் அதே இரைச்சல்தான். தெரிந்தது ஒன்றே ஒன்று, அதைச் சொன்னேன்.

"இங்க என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதுக்கா. அங்க உங்க பொண்ணு வாசலைப் பாத்துட்டுப் படுத்திருப்பா. அது மட்டும் தெரியும்."

அக்கா என்னை வெறித்துப் பார்த்தார். கோபமா வருத்தமா தெரியவில்லை. மறுநாள் காலை பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். வாசல்படி இறங்கும்போது மோட்டார் அறையைப் பார்க்கவே இல்லை, பார்த்தால் நின்றுவிடுவோம் என்ற பயம்போல. பேங்க்காரர் பையை வாங்கி வேனில் வைத்தார். பஸ் நிலையத்துக்கு டிரைவர் கொண்டுபோய் விட்டார். போகும் வழியெல்லாம் அக்கா, நான் போறது தப்பா, நான் போறது தப்பா என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். டிரைவருக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் ரேடியோவைப் போட்டுவிட்டாராம்.

அடுத்த வகுப்புக்கு நான் தனியாகப் போனேன். மோட்டார் எரிந்தது, குழி குட்டையானது, கட்டடமே சண்டையில் கிடப்பது, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். வீட்டுப்பாடத்தில் நாங்கள் தேறினோமா தேறவில்லையா என்று கேட்டேன். அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், மாட்டினாள். ஒரு தாள் கொடுத்து, போன தடவை மாதிரியே வட்டமும் கோடும் போடச் சொன்னாள். போட உட்கார்ந்தேன். யாருக்கும் யாருக்கும் நடுவில் என்று கோடு போடுவது? சண்டை போட்டால் அது பேச்சுவார்த்தைதானா? ஆமாம் என்றாள் அவள், கொஞ்சம் யோசித்துவிட்டு. அப்படியானால் தாள் போதாது என்றேன்.

மோட்டார் திரும்பி வந்தது. விடியற்காலையில் எழுகிறவர் டிரைவர் என்பதால் காலையில் அவர் போடுகிறார். நிறுத்துவது டியூஷன் டீச்சர். ஒரு நாள் அவர் மறந்துவிட்டார், அதற்காகப் படிக்கட்டிலேயே நின்று சத்தம் போட்டார்கள், மறுநாள் மறக்கவில்லை. உரக்குழியை மூடிவிடலாம் என்று பாதிப் பேரும், கூடாது என்று மீதிப் பேரும் இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறோம். செடிகளில் சில வாடிப்போயின. இரண்டாவது மாடித் திருப்பத்தில் பல்பு எரியவில்லை, அது யார் வேலை என்று முடிவாகவில்லை, தடவிக்கொண்டுதான் ஏறுகிறார்கள். முன்பைவிட நன்றாக இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் ஓடுகிறது. எப்படி ஓடுகிறது என்று எனக்குத் தெரியவில்லை.

அக்காவிடமிருந்து போன் வந்தது, பேரன் பிறந்து சில நாட்கள் கழித்து. நான் ஒரு ரவிக்கைக்குக் கை வைத்துக்கொண்டிருந்தேன். அவர் குரல் வேறு யாருடையதோபோலத் தாழ்ந்திருந்தது. பிரசவ அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தாராம். மகள் உள்ளே கூப்பிட்டாளாம்.

"நான் ஒண்ணுமே செய்யலடி. அங்க நர்ஸுங்க இருக்காங்க, டாக்டர் இருக்காங்க. என் கையைப் பிடிச்சுக்கிட்டா, நான் நின்னேன். அவ்வளவுதான். அதுக்குப் போய், வந்துட்டியேம்மா, வந்துட்டியேம்மான்னு அப்படி அழறா. எதுக்கு அழறான்னே எனக்குப் புரியல."

எனக்குப் புரிந்தது. சொல்லவில்லை. மெஷினிலிருந்து காலை எடுத்துவிட்டேன்.

பிறகு அவர் கட்டடத்தைப் பற்றிக் கேட்டார். சொன்னேன். பல்பைப் பற்றியும் சொன்னேன். உம் கொட்டிக்கொண்டே வந்தவர் கடைசியில், தயங்கித் தயங்கி, "யாராவது என்னைக் கேட்டாங்களா? நான் எப்ப வரேன்னு?" என்றார்.

பொய் சொல்லியிருக்கலாம். எல்லாரும் உங்களையே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், நீங்கள் இல்லாமல் ஒன்றும் ஓடவில்லை என்று சொன்னால் அவர் அன்று நிம்மதியாகத் தூங்குவார். அடுத்த பஸ்ஸில் ஏறியும் விடுவார். எது நல்லது என்று எனக்கு விளங்கவில்லை. 

"இல்லக்கா" என்றேன். "யாரும் கேக்கல."

 லைன் அறுந்துவிட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். அறுந்திருக்கவில்லை. தூரத்தில் குழந்தை சிணுங்கும் சத்தம் கேட்டது. அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டார். ஊரையே அதட்டிய மனுஷி, பள்ளிக்கூடத்தில் லீவு கேட்கும் பிள்ளைமாதிரி, தையல்காரி என்னிடம் கேட்டார்.

"அப்ப நான் இன்னும் கொஞ்ச நாள் இங்கயே இருந்துட்டு வரட்டுமா?"

இருங்கக்கா என்று சொல்லிவிட்டு, மெஷினில் மறுபடி காலை வைத்தேன்.